ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்: நடுவர் மையத்தையும் சமரச மையத்தையும் முதல்முறை நாடுபவர்களுக்கு

பணம் வர வேண்டும், வரவில்லை. வழக்குப் போடலாமென்று வக்கீலிடம் போகிறீர்கள். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஆர்பிட்ரேஷன் போட்டிருக்கிறதே. கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு இந்தப் பக்கத்தைக் காட்டியே வழக்கை நிறுத்திவிடும்" என்கிறார். பெரும்பாலானவர்கள் இந்தச் சொல்லை முதன்முதலாகக் கவனிப்பது இப்படித்தான். கையெழுத்துப் போட்ட அன்று விலையையும் தவணையையும் நாலு தடவை சரிபார்த்திருப்பார்கள். தகராறு வந்தால் எங்கே போவது என்று சொல்லும் பத்தி கடைசிப் பக்கத்தில், எல்லோருக்கும் பசி எடுத்த நேரத்தில், படிக்கப்படாமலே கடந்து போயிருக்கும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் வணிகத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்து வைக்கும் அமைப்புகள் வேலை செய்யும் விதம் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1985இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. பல நாடுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன, சில கொஞ்சம் திருத்திக்கொண்டன. அதனால் ஓர் ஊரில் கற்றுக்கொண்டது இன்னோர் ஊரிலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

சமரசமா, நடுவர் விசாரணையா?

தமிழில் இங்கே ஒரு சங்கடம். மத்தியஸ்தம் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு வேலைகளுக்கும் பயன்படுத்துகிறோம். செய்தித்தாள்களிலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பணத்தைத் தொடும் வித்தியாசம்.

சமரசத்தில், அதாவது மீடியேஷனில், நடுவில் உட்காருபவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார். பிடிக்கவில்லையென்றால் நீங்கள் எழுந்து போகலாம். நடுவர் விசாரணையில், அதாவது ஆர்பிட்ரேஷனில், நடுவர் ஆதாரத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். அது உங்களைக் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தக் கட்டுரையில் முன்னவரைச் சமரசர் என்றும் பின்னவரை நடுவர் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

எல்லாத் தகராறையும் இப்படித் தீர்க்க முடியாது. குற்ற வழக்கு, திருமணம் செல்லுமா செல்லாதா என்பது, திவால் நடவடிக்கை போன்றவற்றைப் பெரும்பாலான நாடுகள் நீதிமன்றத்துக்கே ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஒப்பந்தத்திலிருந்து பிறக்கும் பணத் தகராறுதான் இங்கே முக்கியச் சரக்கு.

மையம் தீர்ப்புச் சொல்லாது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. "அந்த மையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன், அவர்கள் என்ன தீர்ப்புச் சொல்வார்களோ" என்கிறார்கள். மையம் எதுவும் சொல்லாது. கால்பந்துப் போட்டியை நடத்தும் சங்கமும் மைதானத்தில் விசில் ஊதும் நடுவரும் வேறு வேறு ஆட்கள்தானே? அதே கதைதான். சங்கம் விதிப் புத்தகம் வைத்திருக்கும், நடுவரை நியமிக்கும், அவருக்குச் சம்பளம் கொடுக்கும், நடுவர் ஒருதலைப்பட்சமானவர் என்று புகார் வந்தால் விசாரிக்கும். கோல் விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் அது சொல்லாது.

பாரிஸில் 1923 முதல் இயங்கும் சர்வதேச வணிகச் சபையின் அமைப்புக்குப் பெயரிலேயே நீதிமன்றம் என்று இருக்கிறது. சுருக்கமாக ஐசிசி. கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் உங்கள் தவறில்லை, இது வேறு ஐசிசி. பெயரில் நீதிமன்றம் இருந்தாலும் அது தானாக எந்த வழக்கையும் தீர்ப்பதில்லை. நடுவர்களை நியமிக்கிறது, கட்டணத்தை நிர்ணயிக்கிறது, நடுவர்கள் எழுதிய தீர்ப்பு வரைவைக் கையெழுத்தாகும் முன் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறது. அந்தக் கடைசி வேலை ஐசிசியின் தனி அடையாளம் மாதிரி. சிங்கப்பூர் மையத்திலும் இது உண்டு, எல்லா மையத்திலும் இல்லை.

பெயர் பெற்ற மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லண்டன் மையம் 1892இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 1917, அமெரிக்க நடுவர் சங்கம் 1926, ஹாங்காங் 1985, சிங்கப்பூர் 1991. இவை எல்லாம் பொதுவான வணிகத் தகராறுக்கு. சிறப்பு வேலைக்கென்று இருப்பவை தனி. விளையாட்டு வீரர் ஊக்கமருந்துத் தடையை எதிர்க்கப் போகும் இடம் லோசானில் 1984இல் அமைந்த விளையாட்டு நடுவர் மன்றம். ஓர் அரசாங்கத்துக்கும் வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் தகராறு என்றால் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, சுருக்கமாக இக்சிட் எனப்படும், முதலீட்டுத் தகராறு மையம். இணைய முகவரியை யாரோ அபகரித்துவிட்டார்கள் என்றால் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் மையம். அங்கே அந்த வழிமுறையில் முகவரியை மாற்றித் தருவார்கள் அல்லது ரத்து செய்வார்கள், நஷ்ட ஈடு கிடைக்காது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மையமே இல்லாமலும் நடுவர் விசாரணை நடத்தலாம். அட்ஹாக் என்பார்கள். அதற்கு ஐ.நா. வணிகச் சட்ட ஆணையம் 1976இல் முதலில் வெளியிட்ட விதிகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆணையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் அன்சிட்ரால் விதிகள் என்று ஒப்பந்தத்தில் பார்த்திருப்பீர்கள். அன்சிட்ரால் ஒரு வழக்கைக்கூட நடத்துவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வியன்னாவில் உள்ள அதன் அலுவலகத்துக்கு மனு அனுப்பினால் ஒன்றும் ஆகாது. எதிர்த்தரப்பு நடுவரை நியமிக்க மறுத்தால், யார் நியமிப்பது என்று கைகாட்டும் பொறுப்பு தி ஹேக்கில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்தின் தலைமைச் செயலரிடம் இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அட்ஹாக் வேண்டாம் என்பதே என் யோசனை. எதிராளி ஒத்துழைக்கும் வரை அது மலிவு. ஒத்துழைக்காத நாளில் கதவைத் தட்ட ஒரு அலுவலகம் வேண்டும்.

முதல் படி: அந்தப் பத்தியை எழுத்தெண்ணிப் படியுங்கள்

மனு, வக்கீல், நடுவர் எல்லாம் அப்புறம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தகராறுப் பிரிவை ஒரு தாளில் கையால் எழுதுங்கள். கையால் எழுதும்போதுதான் ஓட்டை தெரியும். எந்த மையம், யாருடைய விதி, எத்தனை நடுவர், எந்த மொழி, எந்த நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் படிப்பது, நடுவரிடம் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அதற்குத் தனிப் பத்தி தேவை. சீட் என்று வக்கீல்கள் சொல்வது. விசாரணையின் சட்ட இருப்பிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இருப்பிடம் லண்டன் என்றால் எல்லோரும் லண்டனுக்கு விமானம் ஏற வேண்டும் என்று அர்த்தமில்லை. விசாரணையைத் துபாயில் ஒரு ஹோட்டலில் வைக்கலாம், வீடியோவிலும் வைக்கலாம். இருப்பிடம் தீர்மானிப்பது வேறொன்றை: இந்த விசாரணையை மேற்பார்வை பார்ப்பது எந்த நாட்டு நீதிமன்றம், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டால் எங்கே கேட்க வேண்டும் என்பதை. மையம் இருக்கும் ஊரும் சட்ட இருப்பிடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐசிசி விதிகளின்படி, சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்டு, மெக்ஸிகோ சிட்டியில் உட்கார்ந்து விசாரிக்கலாம். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு எழுதிய ஒப்பந்தங்களால் வக்கீல்கள் பலர் நன்றாக வாழ்கிறார்கள்.

குழப்பமான பிரிவுகளுக்கென்றே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. ஐசிசியில் பணியாற்றிய பிரெடெரிக் ஐஸ்மான் 1974இல் அவற்றை நோய் பிடித்த பிரிவுகள் என்று அழைத்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நோயின் வகைகள் பல. இல்லாத மையத்தின் பெயரை எழுதுவது ஒன்று. நடுவராக ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரை எழுதிவைத்து, தகராறு வருவதற்குள் அவர் காலமாகிவிடுவது இன்னொன்று. ஒரு மையத்தின் விதியை இன்னொரு மையம் நடத்த வேண்டும் என்று எழுதுவதும் உண்டு. நான் பார்த்ததில் என்னை மிகவும் படுத்தியது ஒரே ஒரு வரிதான்: "தகராறு ஏற்பட்டால் நடுவர் மூலமாகவோ நீதிமன்றத்தின் மூலமாகவோ தீர்த்துக்கொள்ளலாம்." எழுதியவர் தாராள மனசோடு இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறார். ஆளுக்கொரு கதவு வழியாகப் போய், எது சரியான கதவு என்பதைத் தீர்மானிப்பதற்கே பல மாதங்கள் போயின. உண்மையான தகராறு அதுவரை பெட்டியில் தூங்கியது.

உங்கள் பிரிவு நோய்ப்பட்டது என்று தெரிந்தால் பயந்துவிட வேண்டாம். நோக்கம் தெளிவாக இருந்தால் பல நாட்டு நீதிமன்றங்கள் அதை எப்படியாவது காப்பாற்றப் பார்க்கும். எதிர்த்தரப்போடு இன்னும் பேச்சுவார்த்தை இருந்தால், பிரிவைத் திருத்தி இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். அடுத்த ஒப்பந்தத்துக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வொரு மையமும் தன் இணையதளத்தில் மாதிரிப் பிரிவு ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. அதை எடுத்துக் காலி இடங்களை மட்டும் நிரப்புங்கள். அழகுபடுத்தக் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: முதலில் பேசச் சொல்லியிருந்தால் பேசுங்கள்

"30 நாள் நல்லெண்ணப் பேச்சுவார்த்தை, பிறகு சமரசம், அதுவும் பலிக்காவிட்டால் நடுவர்" என்று படிக்கட்டு மாதிரி எழுதியிருக்கும் பிரிவுகள் இப்போது அதிகம். கோபத்தில் முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தால், மனு அவசரப்பட்டு வந்தது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். எனவே பேச்சுக்கு அழைத்து ஒரு கடிதம், பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம், தேதியோடு கோப்பில் வையுங்கள்.

இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காலவரையறைச் சட்டம் பேசாமல் இருக்காது. உரிமை கோர வேண்டிய கெடு ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு இழுக்கிறது என்றால், கெடுவை நிறுத்தி வைப்பதாக இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு அதற்கு மறுத்தால் அவர்கள் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சமரச நாள் எப்படி இருக்கும்? வழக்கமாக ஒரே நாள், காலையில் தொடங்கும். முதலில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். அப்புறம் தனித்தனி அறை. சமரசர் அங்கும் இங்கும் நடப்பார். தனி அறையில் நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் அடுத்த அறையில் சொல்ல மாட்டார். சமரசத்தில் பேசியதைப் பிற்பாடு நடுவரிடமோ நீதிமன்றத்திலோ ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதும் பொதுவான விதி. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஆவணம் சமரசத்தில் காட்டியதாலேயே ரகசியமாகிவிடாது. அதை வேறு வழியில் எடுத்துவந்தால் எடுத்துவந்ததுதான்.

மதியம் வரை ஒன்றும் நகராது. "இவர்களோடு பேசி என்ன பயன், கிளம்பலாம்" என்று தோன்றும். கிளம்பாதீர்கள். முதல் பாதி நாள் கோபம் ஆறுவதற்கு, தொகை பேசத் தொடங்குவது பெரும்பாலும் பிற்பகலில்தான். அதற்குள் நீங்கள் ஒரு கணக்கு போட்டு வைத்திருக்க வேண்டும். இங்கே முடியாவிட்டால் நடுவர் விசாரணைக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு காலம், ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, ஜெயித்தாலும் வசூலாகுமா? இந்த நாலையும் கழித்து மிஞ்சும் தொகைதான் உங்கள் அடிமட்டம். அதை வீட்டிலேயே எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அறையில் உட்கார்ந்து தீர்மானித்தால் கோபமோ களைப்போ தீர்மானித்துவிடும்.

இன்னொன்று, கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரே நேரில் வர வேண்டும். நான் உடனிருந்த ஒரு சமரசத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தொகை ஒத்து வந்தது, கைகுலுக்கினோம். எதிர்த்தரப்பில் வந்திருந்த மேலாளர், தலைமையகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து வந்த பதிலில் தொகை பாதியாகியிருந்தது. முடிவு வந்த இரவே, கையால் எழுதிய தாளிலாவது, முக்கிய விவரங்களை எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரையும் வெளியே விடாதீர்கள்.

சமரச ஒப்பந்தம் வெறும் ஒப்பந்தம்தான், தீர்ப்பல்ல. எல்லை தாண்டி அதை அமல்படுத்த சிங்கப்பூர் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 2019இல் கையெழுத்துக்குத் திறந்தார்கள், 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளின் பட்டியல் இன்னும் சிறியது. எனவே சிலர் வேறு வழி பிடிக்கிறார்கள். முதலில் நடுவர் விசாரணையைத் தொடங்கிவிட்டு, அதை நிறுத்தி வைத்துச் சமரசத்துக்குப் போவார்கள். உடன்பாடு வந்தால் நடுவரிடம் திரும்பி வந்து அதையே தீர்ப்பாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். சிங்கப்பூரின் நடுவர் மையமும் சமரச மையமும் சேர்ந்து 2014 முதல் இதற்கு ஒரு நெறிமுறையே வைத்திருக்கின்றன. வரிசை முக்கியம். தகராறு தீர்ந்த பிறகு நடுவரை நியமித்தால், தீர்க்கத் தகராறே இல்லாதபோது அவர் எதைத் தீர்த்தார் என்ற கேள்வி எழும்.

மூன்றாம் படி: செலவுக் கணக்கு

நீதிமன்றத்தில் நீதிபதிக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. இங்கே கொடுக்கிறீர்கள். நடுவருக்கு, மையத்துக்கு, வக்கீலுக்கு, தேவைப்பட்டால் நிபுணருக்கு. ஐசிசியும் சிங்கப்பூரும் தகராறின் தொகையை வைத்துக் கட்டணத்தை நிர்ணயிக்கின்றன. லண்டன் மையத்தில் மணிக்கணக்கு. ஹாங்காங்கில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பல மையங்களின் இணையதளத்தில் கட்டணக் கணிப்பான் இருக்கிறது. மனு எழுதும் முன் அதில் உங்கள் தொகையைத் தட்டிப் பாருங்கள்.

மையம் முன்பணம் கேட்கும், இரண்டு தரப்பும் பாதிப் பாதி கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு தன் பாதியைக் கட்டாவிட்டால்? அதையும் நீங்கள் கட்டினால்தான் வழக்கு நகரும். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் மாறும். கடைசியில் தோற்றவரிடமிருந்து வசூலித்துத் தரும்படி நடுவர் உத்தரவிடலாம், ஆனால் இன்று பணம் போவது உங்கள் பையிலிருந்து. முழுத் தொகையும் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

சிறிய தகராறுக்கு மூன்று நடுவர் கட்டுபடியாகாது. அதற்காகவே விரைவு நடைமுறைகள் வந்தன. 2021 முதல் கையெழுத்தான நடுவர் பிரிவுகளுக்கு, தொகை 30 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டாவிட்டால் ஐசிசியின் விரைவு விதி தானாகவே பொருந்தும். வேண்டாமென்றால் ஒப்பந்தத்திலேயே விலக்கிவைக்க வேண்டும். அதில் வழக்கமாக ஒரே நடுவர், முதல் நிர்வாகக் கூட்டத்திலிருந்து ஆறு மாதத்தில் தீர்ப்பு என்பது இலக்கு. சிங்கப்பூர் மையம் 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதிகளில், 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான தகராறுகளுக்கு மூன்று மாதத்தில் முடிக்கும் எளிய நடைமுறை ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

எதிராளி சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார், நடுவர் குழு அமையும் வரை காத்திருக்க முடியாது என்றால் அவசர நடுவர் என்ற ஏற்பாடு உண்டு. சிங்கப்பூரில் 2010இலும் ஐசிசியில் 2012இலும் வந்தது. ஐசிசியில் இதற்கு மட்டும் 40,000 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். ஆகவே சின்னத் தொகைக்கு இதை மறந்துவிட்டு, தடை உத்தரவுக்கு நீதிமன்றத்தையே நாடுவது நல்லது. நடுவர் பிரிவு இருந்தாலும் அப்படி இடைக்கால உதவிக்கு நீதிமன்றம் போவதைப் பெரும்பாலான சட்டங்கள் அனுமதிக்கின்றன.

நான்காம் படி: மனு, அல்லது மனுவுக்குப் பதில்

முதல் மனு நாவல் அல்ல. இரண்டு தரப்பின் பெயர், முகவரி, நடுவர் பிரிவு உள்ள ஒப்பந்தத்தின் நகல், என்ன நடந்தது என்ற சுருக்கம், எவ்வளவு கேட்கிறீர்கள், நடுவர் எண்ணிக்கை பற்றி உங்கள் நிலை, பதிவுக் கட்டணம் கட்டிய சான்று. ஐசிசியில் பதிவுக் கட்டணம் 5,000 டாலர், திரும்பக் கிடைக்காது. விரிவான வாதத்துக்குப் பிறகு நேரம் தருவார்கள். ஆனால் ஒப்பந்த நகலும் தொகையும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

நீங்கள் எதிர்மனுதாரர் என்றால் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. "நான் போகாவிட்டால் அவர்கள் எப்படி நடத்துவார்கள்" என்று கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் இல்லாமலே நடத்துவார்கள். உங்கள் சார்பிலும் மையமே நடுவரை நியமித்துவிடும், தீர்ப்பும் செல்லும். ஐசிசியில் மனு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள், லண்டனில் வழக்கு தொடங்கிய தேதியிலிருந்து 28 நாள் பதிலுக்கு. நாள் போதாது என்றால் கெடு முடியும் முன் நீட்டிப்புக் கேளுங்கள். இந்த நடுவர்களுக்கு அதிகாரமே இல்லை என்பது உங்கள் வாதமென்றால், அதை முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். வாதாடித் தோற்கும் நிலை வந்தபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: நடுவரைத் தேர்ந்தெடுப்பது

மூன்று பேர் குழு என்றால் ஆளுக்கொருவரை முன்மொழிவீர்கள், தலைவரை அந்த இருவரோ மையமோ தேர்ந்தெடுக்கும். நீங்கள் முன்மொழிந்தவர் உங்கள் ஆள் இல்லை. இதைப் புதியவர்களுக்குப் புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். நியமனத்துக்கு முன் அவருக்கு நேரம் இருக்கிறதா, இந்தத் துறையில் அனுபவம் உண்டா, இரண்டு தரப்போடும் தொடர்பு ஏதாவது உண்டா என்று கேட்கலாம். வழக்கின் நியாயம் பற்றிப் பேசக்கூடாது. நியமனம் ஆன பிறகு தனியாக ஒரு போன் கூடக் கூடாது. அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எதிர்த்தரப்பும் மையமும் நகலில் இருக்க வேண்டும்.

அப்படியானால் யாரைத் தேர்வது? உங்களுக்குச் சாதகமாக ஆடுபவரைத் தேடுவது வீண் வேலை. அப்படிப்பட்டவரை மற்ற இருவரும் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்வார்கள், அதன்பிறகு அவர் பேச்சுக்கு எடை இருக்காது. கோப்பை முழுதாகப் படிப்பவர், உங்கள் துறையின் நடைமுறை தெரிந்தவர், சக நடுவர்கள் மதிப்பவர் போதும். கட்டுமானத் தகராறில் வரைபடம் வாசிக்கத் தெரிந்த பொறியாளர் நடுவராக இருப்பது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீலாக இருந்தே ஆக வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் விதி கிடையாது.

நடுவர் தன் தொடர்புகளை எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். எந்தத் தொடர்பு பிரச்சினை, எது இல்லை என்பதற்கு சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் உதவும். போக்குவரத்து விளக்கு மாதிரி சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் தெரிந்தவுடன் எழுப்புங்கள். மையங்கள் இதற்கு மிகக் குறுகிய கெடுதான் தருகின்றன.

ஆறாம் படி: விசாரணை

நடுவர் குழு முதலில் ஒரு நிர்வாகக் கூட்டம் வைத்து அட்டவணை போடும். இன்ன தேதிக்குள் வாதம், இன்ன தேதிக்குள் ஆவணம், சாட்சிகளின் எழுத்து வாக்குமூலம், நேர் விசாரணை. நேர் விசாரணைக்கு முன்பே எல்லாம் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். எனவே மேடைப் பேச்சை நம்பி வருபவர்கள் ஏமாறுவார்கள். சாட்சி சொல்பவர் தன் வாக்குமூலத்தில் உள்ளதைத் தானே படித்திருக்க வேண்டும், குறுக்கு விசாரணை அதன் மேல்தான். வாட்ஸ்அப் செய்திகளை இன்றே முழுதாக எடுத்துவையுங்கள், பாதி உரையாடலை மட்டும் படம் பிடித்துக் கொடுக்காதீர்கள். மீதிப் பாதி எதிராளியின் போனில் இருக்கிறது.

ஏழாம் படி: தீர்ப்பு வந்த மறுநாள்

முதலில் கூட்டல் கழித்தலைச் சரிபாருங்கள். கணக்குப் பிழை, தட்டச்சுப் பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம், வழக்கமாக 30 நாள் கெடு. நடுவர் ஆதாரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று மேல்முறையீடு செய்ய முடியுமா? பெரும்பாலும் முடியாது. தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் காரணங்கள் குறுகியவை: செல்லாத ஒப்பந்தம், உரிய அறிவிப்பு தராதது, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு மறுத்தது, அதிகார எல்லை தாண்டியது, பொதுக் கொள்கைக்கு எதிரானது என்ற மாதிரி. மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் இதற்குக் கெடு, தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம். அதுவும் சட்ட இருப்பிடத்தின் நீதிமன்றத்தில்தான். முதல் படியில் அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தனிப் பத்தி ஒதுக்கியது இதற்காகத்தான்.

எதிர்த்தரப்பு தானாகவே பணம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. கட்டாவிட்டால் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஒரு நாட்டில் எழுதிய நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டு நீதிமன்றம், வழக்கை மறுபடி விசாரிக்காமல், அமல்படுத்த வழி செய்வது அதுதான். வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு இவ்வளவு பரந்த ஏற்பாடு இன்றுவரை இல்லை. எல்லை தாண்டிய வணிகர்கள் இத்தனை செலவையும் பொறுத்துக்கொண்டு நடுவரிடம் போவதற்கு, ரகசியத்தைவிட வேகத்தைவிட, இதுவே பெரிய காரணம்.

எந்த நாட்டில் அமல் கேட்பது? எதிராளியின் சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே. அவருடைய பதிவு அலுவலகம் ஒரு தீவில் இருக்கலாம், சரக்குக் கிடங்கும் வங்கிக் கணக்கும் வேறு நாட்டில் இருக்கலாம். உறவு நன்றாக இருந்த காலத்தில் அவர் எந்த வங்கியிலிருந்து பணம் அனுப்பினார் என்று பழைய ரசீதுகளைப் பாருங்கள், துப்பு அங்கே கிடைக்கும்.

அந்த நீதிமன்றம் கேட்பது தீர்ப்பின் முறையாக உறுதிப்படுத்திய மூலம் அல்லது சான்றிட்ட நகல், நடுவர் பிரிவு உள்ள ஒப்பந்தத்தின் மூலம் அல்லது சான்றிட்ட நகல், மொழி வேறென்றால் சான்றிட்ட மொழிபெயர்ப்பு. சொத்து மூன்று நாட்டில் இருந்தால் மூன்று செட் வேண்டும். வழக்கு முடிந்து நடுவர்கள் கலைந்துபோன பிறகு தேடி அலைவதைவிட, தீர்ப்பு கையில் கிடைக்கும் வாரத்திலேயே மையத்துக்கு எழுதிக் கூடுதல் சான்றிட்ட நகல்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.